கொசுவலையோடு போன சுற்றுலா

என் கணவர் இறந்த மறு வருஷம், மழைக்காலம் முடிந்த கையோடு, எங்கள் காலனியில் காலையில் ஒன்றாக நடக்கப் போகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சுற்றுலாவுக்குத் திட்டம் போட்டார்கள். விகாராபாத் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு நீர்த்தேக்கம். அதன் கரையில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் திரும்புவது. என்னையும் கூப்பிட்டார்கள். நான் வரவில்லை என்றேன்.

ஹைதராபாத்தில், குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில்தான் எங்கள் வீடு. அந்த நடைக்கூட்டத்தில் நானும் அவரும் பல வருஷம் போயிருக்கிறோம். அவர் போன பிறகும் நான் நடப்பதை விடவில்லை. விட்டால் காலை நேரத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனால் பூங்காவைச் சுற்றி நடந்துவிட்டு வீடு திரும்புவது வேறு, அத்தனை தம்பதிகளுக்கு நடுவில் ஒற்றை ஆளாக வெளியூரில் போய் நிற்பது வேறு.

இதை மகளிடம் போனில் சொன்னேன். அவள் புனேயில் வேலை பார்க்கிறாள். இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் தெலுங்கில். எங்கள் வீட்டில் பேச்சு எப்போதும் அப்படித்தான் ஓடியது.

"ஜஸ்ட் கோ, அம்மா," என்றாள். "ஃபார் மீ."

"அங்க கொசு இருக்கும்டி."

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "ஐ நோ. ஸ்டில் கோ," என்றாள்.

கொசு என்று நான் சொன்னால் அவள் ஏன் அப்படிப் பேச்சை நிறுத்துகிறாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் கணவரைக் கொண்டுபோனது டெங்கு. முதலில் சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் இருந்தது. "சளிக் காய்ச்சல்தாம்ட்டி, ரசம் வச்சுக் குடு, போயிரும்," என்றார். அவருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே மத்திய அரசு கம்பெனி ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தும் அந்தப் பேச்சு மாறவில்லை. காய்ச்சல் விட்டது. விட்ட பிறகுதான் மோசமானது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஐ.சி.யு.வுக்குள் கொண்டுபோனார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் வீட்டை மாற்றி அமைத்தேன். ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தேன். பால்கனித் தொட்டிகளைக் கவிழ்த்தேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டை தினமும் துடைத்தேன். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லாரும் கொசுவர்த்தி கொளுத்துவார்கள். ஆனால் டெங்கு கொசு பகலில் கடிக்கிற ஜாதி. அதனால் கொசு அடிக்கிற மட்டை என் கையில் காலையிலிருந்தே இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எனக்குத் 'தோமல ஆன்ட்டி' என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. தெலுங்கில் தோம என்றால் கொசு. எனக்கு வருத்தம் இல்லை. பேர் வைக்கிற அளவுக்காவது என்னைக் கவனிக்கிறார்களே என்று இருந்தது.

மகள் மறுநாளும் போன் பண்ணினாள். அதற்கு மறுநாளும். கடைசியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மருந்துக் கடைக்குப் போய்க் கொசுவுக்குப் பூசுகிற களிம்பு டியூப்கள் கேட்டேன். கடைக்காரர் சார்மினார் பக்கத்துப் பழைய நகரத்துக்காரர். ஒன்றை எடுத்து வைத்தார். இன்னும் வேண்டும் என்றேன். இன்னும் கொஞ்சம் என்றேன். "கைக்கு மேடம், இத்னா?" என்றார், எதற்கு இவ்வளவு என்று. காட்டுக்குப் போகிறேன் என்று அவருடைய இந்தியிலேயே சொன்னேன். கல்யாணத்துக்கு வாங்குகிறீர்களோ என்று பார்த்தேன் என்று சொல்லிச் சிரித்தார். கடித்தால் தடவ ஒரு லோஷன், அரிப்புக்கு மாத்திரை ஒரு அட்டை, எல்லாம் வாங்கிக்கொண்டேன். எனக்கு எறும்பு கடித்தாலே தடிக்கும், அதனால் அந்த மாத்திரை பையில் எப்போதும் இருக்கும்.

வீட்டில் கட்டில் மேல் எல்லாவற்றையும் பரப்பினேன். வெளிர் நிறத்தில் முழுக்கைச் சுடிதார்கள். கறுப்பும் கருநீலமும் கொசுவை இழுக்கும் என்பார்கள். கணுக்காலுக்கு மேலே வரும் காலுறை. தேங்காயெண்ணெயில் கலந்த வேப்பெண்ணெய் ஒரு சின்ன பாட்டிலில். அவருக்கும் எனக்குமாக வாங்கிய பெரிய கொசுவலை. ஒற்றை ஆளுக்கு அது பெரிதுதான், ஆனால் வேறு இல்லை.

கிளம்புகிற அன்று காலையில் களிம்பைப் பூசிக்கொண்டேன். கை, கழுத்து, காது மடல், பாதம். முதுகில் மேலிருந்து ஒரு கை, கீழிருந்து ஒரு கை. நடுவில் ஒரு இடம் இருக்கிறது, எந்தக் கையும் அங்கே போகாது. முன்பு நாங்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது ஸ்ரீசைலம் காட்டுப் பக்கமோ நாகார்ஜுன சாகர் பக்கமோ போவோம். அவருக்கு வெட்டவெளியில் தூங்கப் பிடிக்கும். "ஏட்டி, திரும்பு," என்பார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி பூசுவார். "நடுவுல கொஞ்சம் பாக்கி இருக்கு, ஆடாம நில்லு." எனக்குக் கூசும். நான் ஆடுவேன். அவர் திட்டுவார். முப்பது வருஷத்தில் அந்த இடத்தைப் பற்றி நான் ஒருமுறைகூட நினைத்ததில்லை. கரண்டிக் காம்பில் பஞ்சைச் சுற்றிப் பூசப் பார்த்தேன். சரியாக வரவில்லை. துணிதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

ஒரு வேனும் ஒரு காரும். வழியெல்லாம் பாட்டும் பேச்சும். எல்லாம் தெலுங்கு. எனக்குத் தெலுங்கு நன்றாக வரும், பிறந்ததே செகந்திராபாத்தில்தான். இருந்தாலும் சிரிப்பு என்னிடம் வந்து சேரக் கொஞ்சம் நேரம் ஆகிறது.

அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர் இன்னும் ஒருவர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். தாத்தா காலத்தில் ரயில்வே பட்டறை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பேகம்பேட்டில் ஏதோ ஆபீஸில் வேலை. மனைவி தெலுங்குப் பெண், அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவருடைய தமிழும் பாதி ஹைதராபாத்தாகத்தான் இருக்கும். 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'. ஆனால் என்னிடம் தமிழில்தான் பேசுவார். காலை நடையில் பக்கத்தில் வந்து, "என்னக்கா, இன்னிக்கு எத்தினி கொசு விக்கெட்?" என்று கேட்பார். என் கணவர் போன பிறகு, போனைத் தவிர்த்து, என் காதில் விழுகிற தமிழ் அவ்வளவுதான்.

நீர்த்தேக்கம் அழகான இடம். மழை நன்றாகப் பெய்திருந்ததால் தண்ணீர் புதர்களின் காலடி வரைக்கும் வந்திருந்தது. சரிவு முழுக்கக் காட்டுச் சீத்தாப்பழச் செடிகள். கூடாரங்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் இரண்டு பேருக்கு. யார் யாருக்கு எது என்று பிரிக்க ஒன்றும் இல்லை, தானாகவே பிரிந்துவிட்டது. கடைசிக் கூடாரம் எனக்கு. "உங்களுக்கு ஃப்ரீயா இருக்கும் ஆன்ட்டி, கால் நீட்டிப் படுக்கலாம்," என்று ஒரு பெண் தெலுங்கில் சொன்னாள். நல்ல மனதோடு சொன்னாள்.

சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் கொசுக்கள் வந்தன. தண்ணீர்ப் பக்கமிருந்து வரும் ரீங்காரத்தை நான் எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன். எழுந்துபோய்ப் பையை எடுத்து வந்து ஆளுக்கொரு டியூப் கொடுத்தேன். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். யாருக்கும் கொண்டுவரத் தோன்றவில்லை. அப்புறம் பார்த்தால், கணவர்கள் மனைவிமார் கழுத்தில் பூசுகிறார்கள், மனைவிமார் கணவர்களின் முழங்கையில் தடவுகிறார்கள். ஒருவர் தன் மனைவியின் முதுகில் பட்டென்று அடித்து, "கொசு" என்று உள்ளங்கையைக் காட்டினார். அவள் அவரைத் திட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெற்றுப் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

தமிழ்க்காரர் மட்டும் வாங்கவில்லை. அரைக்கால் சட்டையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"பூசிக்கோங்க தம்பி. காலெல்லாம் திறந்து கெடக்கு."

"நக்கோ அக்கா. அந்த நாத்தம் எனக்கு ஆகாது."

"நாத்தம் பாத்தா முடியுமா? ராத்திரி பூரா பிடுங்கும்."

"பிடுங்கட்டும் அக்கா," என்று அவர் சிரித்தார். "கொசு கடிச்சு யாராச்சும் செத்திருக்காங்களா?"

தமிழில்தான் சொன்னார். அவர் சிரித்ததைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள், என்னவோ வேடிக்கை என்று. அந்த வட்டத்தில் அது புரிந்தது எங்கள் இரண்டு பேருக்குத்தான். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் சிரிப்பு முதலில் அப்படியே நின்றது, பிறகு ஓரங்களிலிருந்து உதிர்ந்தது. என் கணவர் போன அன்று வண்டி ஏற்பாடு செய்ததே இவர்தான். மின்மயானத்தில் ஆபீஸ்காரர்களோடு பேசியதும் இவர்தான். மறந்து போயிருந்தார், அவ்வளவுதான். ஒரு வருஷம் ஆனால் பிறர் வீட்டுச் சாவு மறந்துதான் போகும்.

"ஏமன்னாரு?" என்று அவர் மனைவி அவர் தோளைத் தட்டினாள். என்ன சொன்னீர்கள், எங்களுக்கும் சொல்லுங்களேன் என்று.

அவர் ஒன்றும் இல்லை என்று தலையாட்டினார். அவள் என்னைக் கேட்டாள். "பூச வேண்டாமாம். நாற்றமாம்," என்று தெலுங்கில் சொன்னேன். அவள் சிரித்துவிட்டுத் தானே அவர் காலில் களிம்பைத் தடவ ஆரம்பித்தாள். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. என் பக்கமும் திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, தலைவலி என்று சொல்லி எழுந்தேன். அந்தச் சின்னக் கூடாரத்துக்குள் எங்கள் பெரிய வலையைக் கட்டியதில் பாதிக்கு மேல் தரையில் குவிந்து கிடந்தது. அந்தக் குவியலுக்கு நடுவில் படுத்தேன். வெளியே பாட்டுப் போட்டி நடந்தது. என்னைத் துன்பப்படுத்தியது அவர் சொன்ன வார்த்தை இல்லை. ஒருவர் என்னை அடித்துவிட்டார், சுற்றி அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அடி விழுந்ததே ஒருவருக்கும் தெரியவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் தெலுங்கில் சொல்லியிருந்தால் யாராவது 'ச்சே' என்றாவது சொல்லியிருப்பார்கள்.

காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது சரிவிலிருந்து கத்தல் கேட்டது. சீத்தாப்பழச் செடிகளுக்குள்ளிருந்து தமிழ்க்காரர் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் வீசிக்கொண்டே ஓடி வந்தார். பின்னால் குளவிகள். எல்லாரும் ஆளுக்கொரு திசையில் சிதறினார்கள். என் கூடாரம்தான் சரிவுக்குப் பக்கத்தில் இருந்தது. "உள்ள வாங்க! இங்க, உள்ள!" என்று கத்தினேன். அவர் உள்ளே விழுந்ததும் ஜிப்பை இழுத்துவிட்டு, கூடவே வந்த ஒன்றிரண்டைத் துண்டால் அடித்தேன்.

முகம், கழுத்து, வலது கை. எத்தனை கொட்டு என்று பார்க்கக்கூட முடியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. கண் இமைகள் பருத்து மூடிக்கொண்டு வந்தன. அரிப்பு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். விழுங்கச் சிரமப்பட்டார். குரல் கரகரத்தது.

வெளியே குளவிகள் கலைந்ததும் அவர் மனைவி ஓடி வந்தாள். அவர் கையைப் பார்த்து அலறினாள். மோதிர விரல் வாழைப்பூ மடல் மாதிரி சிவந்திருந்தது, கல்யாண மோதிரம் சதைக்குள் அழுந்தியிருந்தது. இன்னும் வீங்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. வேப்பெண்ணெய் பாட்டிலைத் திறந்து விரலில் கவிழ்த்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, முன்னும் பின்னும் திருகித் திருகி மோதிரத்தை மெல்ல இழுத்தேன். கடைசியில் வழுக்கிக்கொண்டு வந்தது. எண்ணெயோடு அதை அவளுடைய உள்ளங்கையில் வைத்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே," என்று தெலுங்கில் சொன்னேன். ஒருவர், ஐஸ் வைத்தால் போதுமே என்றார். இன்னொருவர், இங்கே உள்ளூர்க்காரர்களுக்குச் சுண்ணாம்பு வைத்தியம் தெரியும் என்றார். நான் எந்தப் பேச்சுக்கும் குரலை உயர்த்துகிறவள் இல்லை. அன்றைக்குக் கத்தினேன். "குரல் மாறுது, தெரியலையா? வண்டியை எடுங்க!"

கார் வைத்திருந்தவர் ஓட்டினார். பின் இருக்கையில் அவர் நடுவில், மனைவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பக்கத்து ஊருக்குப் போகிற சாலை மேடும் பள்ளமுமாக இருந்தது. அவள் அழுதுகொண்டே அவரிடம் தெலுங்கில் ஏதேதோ கேட்டாள். மூச்சு விட முடிகிறதா, எங்கே வலிக்கிறது, ஏன் அந்தச் செடிக்குள் போனீர்கள். அவர் பதில் சொன்னார். ஆனால் தமிழில் சொன்னார். வீட்டிலும் ஆபீஸிலும் நாள் முழுக்கத் தெலுங்கு பேசுகிறவர். பயத்தில் அது அவரை விட்டுப் போய்விட்டது. வீங்கின உதட்டுக்குள்ளிருந்து வந்த தமிழில் ஹவ்வும் இல்லை நக்கோவும் இல்லை.

"மூச்சு அடைக்குது… நெஞ்சு மேல கல்லு வச்ச மாதிரி…"

"ஏம் செப்துன்னாரு?" என்று அவள் என்னைப் பார்த்துக் கதறினாள்.

நான் சொன்னேன். அவள் கேட்பதை அவரிடம் சொன்னேன், அவர் சொல்வதை அவளிடம் சொன்னேன்.

"அவள அழ வேணாம்னு சொல்லுங்க."

அழ வேண்டாம் என்கிறார் என்று சொன்னேன்.

"எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா…"

"ஒண்ணும் ஆகாது. அத நான் அவகிட்ட சொல்ல மாட்டேன். நீங்களே போய்த் தெலுங்குல சொல்லிக்கோங்க," என்றேன்.

அவர் சிரிக்க முயன்றார் என்று நினைக்கிறேன். அந்த முகத்தில் அது தெரியவில்லை. அப்புறம் ரொம்ப மெதுவாகச் சொன்னார். "உங்களுக்காகத்தான்க்கா பறிக்கப் போனேன். நேத்து அப்படிச் சொல்லிட்டேன். நாலு பழம் கொண்டு வந்து குடுத்துட்டு, ஒரு வார்த்த சொல்லலாம்னு…"

"ஏமன்னாரு? ஏமன்னாரு?" என்றாள் அவள்.

இதை எப்படி அவளுக்கு மாற்றிச் சொல்வது? முந்தின நாள் சொன்னதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. "எல்லாருக்கும் பழம் பறிக்கப் போனாராம்," என்றேன். அவள் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவருடைய வலது கை என் கையில் இருந்தது. எண்ணெயும் வியர்வையுமாகச் சூடாக இருந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக நான் யார் கையையும் அப்படிப் பிடித்திருக்கவில்லை என்பது அந்தப் பதற்றத்திலும் எனக்குத் தெரிந்தது.

சின்ன ஆஸ்பத்திரிதான். ஆனால் டாக்டர் இருந்தார். பார்த்தவுடனே ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். மனைவியை உள்ளே விட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கிருமிநாசினி வாசனை எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒன்றுதான். என் கணவர் ஐ.சி.யு.வில் இருந்த கடைசி நாள் மத்தியானம் ஒரு நர்ஸ் வெளியே வந்து என்னிடம் சொன்னாள். "சார் ஏதோ கேட்டுக்கிட்டே இருந்தார் மேடம். எங்க யாருக்கும் புரியல." ஆந்திரத்துப் பெண், நல்ல பெண். அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அவள் வாயில் அது வார்த்தையாக வரவில்லை. என்னை உள்ளே விடும்போது அவர் பேசும் நிலையில் இல்லை. முப்பது வருஷம் இந்த ஊரில் தெலுங்கில் காய்கறி வாங்கி, இந்தியில் ஆட்டோ பேசி, இங்கிலீஷில் வேலை பார்த்தவர். கடைசியில் அவர் கேட்டது தண்ணீரா, என்னையா, மகளையா, வேறு எதையாவதா, எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியவும் போவதில்லை. காரில் அந்தப் பெண் "ஏமன்னாரு" என்று கேட்கக் கேட்க நான் சொன்னேனே, அன்றைக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் நான் இதற்காக அழுதேன். அவர் இறந்ததற்காக அதற்கு முன்னால் நிறைய அழுதிருக்கிறேன். இதற்காக அதுவரை அழுததில்லை.

கார் ஓட்டி வந்தவர் டீ வாங்கிக் கொடுத்தார். "பயப்படாதீங்க, சரியாகிடுவார்," என்றார். அவருக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

மதியத்துக்குள் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. டாக்டர் இன்னும் சில மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார். மனைவி வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், தெலுங்கில்.

சாயங்காலம், வேனில் மற்றவர்களும் வந்து சேர்ந்துகொள்ள, காலனிக்குத் திரும்பினோம். எல்லாரும் இறங்கி, சாமான்களை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு பேராக அவரவர் வாசலுக்குப் போனார்கள். நான் மாடிப்படி ஏறினேன். கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். குளிக்கும்போதுதான் முதுகு எரிந்தது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். களிம்பு எட்டாத அந்த இடத்தில், மெல்லிய துணிக்கு மேலாகவே கடித்திருந்தது. வரிசையாகச் சிவப்புத் தடிப்புகள். லோஷன் தடவவும் கை எட்டவில்லை. கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டேன். எந்த நேரத்தில் கடித்தது, ராத்திரியிலா, காலை வெளிச்சத்திலா என்று தெரியாததுதான் பயமாக இருந்தது.

கடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்தும் காய்ச்சல் வரலாம். அந்த நாள்களை நான் காத்திருந்தே கழித்தேன். காலையில் எழுந்ததும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். நம் கையால் நம் நெற்றியைத் தொட்டால் ஒன்றும் தெரியாது, இரண்டும் ஒரே சூடு. தெர்மாமீட்டர் வாங்கி வந்தேன். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதா என்று கண்ணை உருட்டிப் பார்ப்பேன். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் லீவு போட்டு வந்து நிற்பாள். அப்புறம் ஒன்றும் இல்லை என்று ஆனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதற்கு நடுவில் ஒருநாள் தமிழ்க்காரர் தனியாக வந்தார். முகம் சரியாகிவிட்டிருந்தது, கண்ணுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் கறுப்பு. சோபா நுனியில் உட்கார்ந்தார்.

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது…"

"அதுதான் கார்ல சொல்லிட்டீங்களே."

"அது கணக்குல வராதுக்கா. மூச்சு முட்டறப்ப சொன்னது."

"வரும். எனக்குக் கணக்குல வந்தாச்சு. காப்பி குடிக்கிறீங்களா?"

காப்பி போட்டுக் கொண்டு வந்தேன். அவர் என் கணவரைப் பற்றி ஏதோ கேட்டார், ஊரில் அவர்களுக்கு வயல் இருந்ததா என்று. நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லிக்கொண்டே போனேன். வயலைப் பற்றி, கல்யாணத்தைப் பற்றி, இந்த ஊருக்கு அவர் வந்த புதிதில் தெலுங்கு தெரியாமல் பஸ் மாறி ஏறி போலாரம் வரை போய்த் திரும்பியது, அவருடைய குறட்டை, நர்ஸ் சொன்னது, எல்லாம். தமிழ் எனக்குள் அவ்வளவு தேங்கிக் கிடந்தது என்று எனக்கே தெரியாது. நிறுத்த முடியவில்லை. அவர் "ஹவ் அக்கா, ஹவ் அக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். காப்பி ஆறி ஆடை படிந்தது. ஒரு கட்டத்தில் அவர் கண் கடிகாரத்துக்குப் போய்விட்டுத் திரும்பியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பேசினேன். பிறகு நிறுத்திக்கொண்டேன்.

"வர்றேன்க்கா. இன்னொரு நாள் அவளையும் கூட்டிட்டு வர்றேன்."

"வாங்க," என்றேன்.

அவள் வந்தாள், தீபாவளிக்கு இனிப்போடு. நாங்கள் தெலுங்கில் பேசிக்கொண்டோம். நன்றாகத்தான் பேசிக்கொண்டோம். காலை நடையில் அவர் இப்போதும் பக்கத்தில் வருகிறார். கொசுக் கணக்கு மட்டும் கேட்பதில்லை. கேட்டால் தேவலை என்று எனக்கு இருக்கிறது, அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

காய்ச்சல் வரவில்லை. முதுகின் தடிப்புகள் அடங்கின, அரிப்பும் நின்றது. பயப்பட வேண்டிய நாள்கள் எல்லாம் கடந்துவிட்டன என்று எனக்கு நிச்சயமான அன்று காலையில் கடைசியாக ஒருமுறை தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். சாதாரணமாக இருந்தது. கையில் அதைப் பிடித்துக்கொண்டு நடு ஹாலில் நின்றேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மகளுக்குப் போன் போட்டேன். அவள் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், பின்னால் லிஃப்ட் சத்தம் கேட்டது.

"எனக்குக் காய்ச்சல் இல்லடி," என்றேன்.

"வாட்? ஆர் யூ சிக், அம்மா? வாட் ஹாப்பண்ட்?"

"ஒண்ணும் ஆகல. அதத்தான் சொல்றேன். எனக்கு ஒண்ணும் ஆகல."

லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது, அவள் ஏறவில்லை என்று தோன்றியது. பிறகு ரொம்ப நாளாகப் பேசாத தமிழில், தட்டுத் தடுமாறி, "சரிம்மா… நல்லது… சாப்டியா?" என்றாள்.

இன்னும் இல்லை என்றேன். சாப்பிடச் சொன்னாள். போனை வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து, ஒரு ஆளுக்குத் தோசை ஊற்றினேன்.